பீட்சா டெலிவரிக்கு போற தம்பிங்க சம்பளத்துக்கு முன்னாடி கேக்க வேண்டியது

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல டெலிவரி வேலைல மாசம் நாப்பதாயிரம் வரைக்கும் எடுக்கிற பசங்கள பத்தி கட்டுரை வந்துச்சு, ரெண்டு நாள் கழிச்சு இவனுங்க ஓட்டுற ஓட்டுக்கு லைசென்ஸ புடுங்கணும்னு ஒரு வாசகர் கடிதமும் வந்துச்சு. நாப்பதாயிரம் எடுக்கிறவனும் இருக்கான், சிக்னல்ல நிக்காம போறவனும் இருக்கான், நான் மறுக்கல. ஆனா அந்த வேலைக்குள்ள எட்டு வருஷம் இருந்துட்டு வந்தவன் நான், இப்ப மடிப்பாக்கத்துல டூவீலர் மெக்கானிக் கடை வச்சிருக்கேன், என்கிட்ட வர்ற வண்டில பாதி டெலிவரி பசங்க வண்டி தான். அதனால தான் எழுதுறேன். கடிதம் பெருசா போச்சுன்னா வெட்டிக்கோங்க சார், இஎஸ்ஐ, அதாவது தொழிலாளிக்கான அரசாங்க காப்பீடு, அத பத்தி சொல்ற எடத்த மட்டும் தயவு செஞ்சு வெட்டாதீங்க.

2013ல வேளச்சேரி பக்கம் ஒரு பீட்சா கடைல ரைடரா சேர்ந்தேன். பாலிடெக்னிக்ல மெக்கானிக்கல் முடிச்சிருந்தேன், மூணு அரியர் பாக்கி, வீட்டுல தங்கச்சிக்கு கல்யாணம் பேசிட்டு இருந்த நேரம். லைசென்ஸ் இருக்கா, ரோடு தெரியுமான்னு ரெண்டே கேள்வி, மறுநாள் சட்டையும் தொப்பியும் குடுத்துட்டாங்க. அரியர் வச்சிருக்கிற பையனுக்கு வேற எங்க சார் ஒரே நாள்ல வேலை தர்றாங்க? அந்த வேலைய பத்தி நல்லதா சொல்ல நிறைய இருக்கு, அத முதல்ல சொல்லிடறேன், ஏன்னா கஷ்டத்த மட்டும் எழுதினா அந்த வேலைய நம்பி குடும்பம் நடத்துற பசங்களுக்கு அது மரியாதையா இருக்காது.

சாயங்காலம் அஞ்சுலேந்து ராத்திரி பன்னெண்டு வரைக்கும் ஷிஃப்ட், பகல்ல உக்காந்து படிச்சேன், ஒன்றரை வருஷத்துல மூணு அரியரும் கிளியர். மாசம் ஒண்ணாந்தேதி தாண்டாம சம்பளம் பேங்க்ல விழும், ஒவ்வொரு டெலிவரிக்கும் தனியா ஒரு தொகை. கடை வண்டி, கடை பெட்ரோல். கூட்டம் இல்லாத நேரத்துல உள்ள போய் மாவு விரிக்க, வெங்காயம் குடைமிளகா வெட்ட கத்துக்கிட்டேன், அப்படியே உள்ள நின்னு நின்னு ஷிஃப்ட் இன்சார்ஜ் ஆன ரைடருங்க எங்க கடைலயே ரெண்டு பேரு. போன்ல பேசி பேசி இங்கிலீஷும் இந்தியும் ஓரளவு வந்துச்சு, முன்னாடி யாராவது இங்கிலீஷ்ல ஆரம்பிச்சா நெஞ்சு அடிச்சுக்கும்.

வெளில இருந்து பாக்கிறவங்களுக்கு தெரியாத ஒண்ணு இருக்கு. பீட்சா கடை ரைடருக்கு திரும்பி வர ஒரு எடம் இருக்கு. எத்தன டெலிவரி போனாலும் ஒவ்வொன்னு முடிஞ்சதும் அதே கடைக்கு தான் வரணும். தண்ணி குடிக்கலாம், பாத்ரூம் போலாம், மழைல நனைஞ்சா அஞ்சு நிமிஷம் அடுப்பு பக்கம் நிக்கலாம், வர லேட்டாச்சுன்னா எங்கடா அவன காணோம்னு கேக்க நாலு பேரு இருப்பாங்க. இதெல்லாம் ஒரு வசதியான்னு தோணும். போன் ஆப்ல ஆர்டர் எடுத்து சாப்பாடு டெலிவரி பண்ற வேலைக்கு மாறின அப்புறம் தான் எனக்கே அதோட அரும புரிஞ்சுது. மே மாசம் கத்திரி வெயில்ல ஓஎம்ஆர்ல பகல் பூரா ஓட்டுறோம், ஒண்ணுக்கு போக எடம் இல்லைன்னு தண்ணி குடிக்கிறதையே கொறச்சுக்குவோம், என் கூட ஓட்டினதுல மட்டும் மூணு பேருக்கு கிட்னில கல்லு வந்துச்சு. இப்ப சென்னை மாநகராட்சி அண்ணா நகர்லயும் தி.நகர்லயும் 2025ல ஏசி ஓய்வறை கட்டி விட்டிருக்காங்க, டாய்லெட், சார்ஜ் போடுற வசதியோட. ரொம்ப நல்ல காரியம், மனசார நன்றி சொல்றேன். வேளச்சேரி, பெருங்குடி, பள்ளிக்கரணை பக்கம் ராத்திரி பகலா ஓட்டுற பசங்களுக்கு அங்கேந்து அண்ணா நகர் ரொம்ப தூரம், இந்த பக்கமும் ஒண்ணு வேணும்.

முப்பது நிமிஷத்துல பீட்சா வீட்டுக்கு வந்துடும்னு கடை குடுக்கிற வாக்குறுதி விஷயத்துக்கு வரேன். கஸ்டமர் நெனைக்கிறாங்க ரைடர் கைல முப்பது நிமிஷம் இருக்குன்னு. ஆர்டர் விழுந்ததும் மாவு விரிச்சு, சாஸ் தடவி, சீஸ் தூவி உள்ள தள்ளணும், அடுப்புலயே ஆறேழு நிமிஷம், அப்புறம் வெட்டி, பெட்டில போட்டு, பில் ஒட்டி, கோக் பாட்டில தேடி எடுத்து பைல வைக்கணும். முன்னாடி நாலு ஆர்டர் நின்னா உள்ளயே இருவது நிமிஷம் போயிடும். மீதி பத்து தான் என்னோடது, அதுலயும் அபார்ட்மென்ட் கேட்ல செக்யூரிட்டி நோட்டுல எழுதி, இன்டர்காம்ல கூப்ட்டு, சர்வீஸ் லிஃப்டுக்கு நின்னு பதினோராவது மாடி போகணும். உள்ள எத்தன நிமிஷம் போச்சுன்னு யாரும் பாக்க மாட்டாங்க, கதவ தொறக்கிறப்ப மணிய பாப்பாங்க, அங்க நிக்கிறது நான். எங்க கடைல லேட்டானதுக்கு சம்பளத்துல ஒரு ரூபா புடிச்சதில்ல, அத நேர்மையா சொல்லணும், ஆனா யாரு எத்தன லேட்டுன்னு பின்னாடி போர்டுல எழுதி வைப்பாங்க. இருவது வயசு பையனுக்கு பேர் போர்டுல ஏறுறத விட பெரிய அபராதம் வேணுமா? அந்த போர்டுக்காக நான் விஜயநகர் சிக்னல தாண்டிருக்கேன். தப்பு தான். லைசென்ஸ் புடுங்க சொன்ன அந்த வாசகர் சொல்றதுல இருக்கிற நியாயம் எனக்கு தெரியும், அவரு வீட்டு வாசல்லயும் ஒரு கடிகாரம் ஓடுது, அதையும் சேத்து எழுதிருக்கலாம்.

இந்த முப்பது நிமிஷ வாக்குறுதி அமெரிக்கால எழுவதுகள்லேந்து இருந்துச்சு, டாமினோஸ் தான் அத வச்சு வளந்த கம்பெனி. செயின்ட் லூயிஸ்ல டெலிவரி வண்டி மோதி அடிபட்ட ஒரு அம்மா கேஸ் போட்டாங்க, 1993 டிசம்பர்ல ஜூரி 7 கோடி டாலருக்கு மேல குடுக்க சொல்லி தீர்ப்பு சொன்னாங்க, அதே மாசம் கம்பெனி அந்த கியாரன்டிய அங்க நிறுத்திடுச்சு. நம்ம நாட்டுல டாமினோஸ் முதல் கடை 1996ல டெல்லில தொறந்தாங்க, அங்க கைவிட்ட வாக்குறுதி இங்க தான் ஊரெல்லாம் பிரபலம் ஆச்சு. அப்புறம் மளிகை சாமான் பத்து நிமிஷம்ங்கற விளம்பரம் வரைக்கும் போச்சு. பீட்சா ஆறாம இருக்கணும்னா அதுக்கு நல்ல பை போதும் சார், அந்த செவப்பு பைக்குள்ள நாப்பது நிமிஷம் ஆனாலும் சூடு தாங்கும், நான் தூக்கிட்டு அலைஞ்சவன் சொல்றேன்.

பீட்சா மத்த சாப்பாடு மாதிரி இல்ல, சாய்ஞ்சா போச்சு. பிரியாணி பொட்டலம் எப்படி ஆடினாலும் பிரியாணி தான். பீட்சாவ ஸ்பீட் பிரேக்கர்ல தூக்கி போட்டா சீஸ் ஒரு பக்கமா ஒதுங்கிடும், மூடில ஒட்டிக்கும். நடுவுல குட்டியா மூணு கால் வச்ச பிளாஸ்டிக் ஸ்டூல் மாதிரி வைக்கிறாங்கல்ல, அது மூடி அமுங்காம இருக்க தான். வேகமாவும் போகணும், ஆடாமலும் போகணும், நம்ம ஊரு ரோட்டுல. இதுல அட்ரஸ் வேற. சென்னைல பழைய நம்பர் புது நம்பர் தொல்லை தெரியும் உங்களுக்கு, பில்லுல 14ன்னு இருக்கும், அது பழசா புதுசான்னு தெரியாது, தெருவோட ரெண்டு முனைலயும் ஒரு 14 இருக்கும். ராத்திரி பதினொன்னரைக்கு தெருநாய் நாலு தொரத்துற தெருவுல டார்ச் அடிச்சு வீட்டு நம்பர் தேடினா திருடன்னு நெனச்சு அதட்டுறவங்களும் உண்டு. கிரிக்கெட் ஃபைனல், டிசம்பர் 31 ராத்திரி, அடமழை, ஊரே வீட்டுக்குள்ள இருக்கிற நாள் தான் எங்களுக்கு முழு ஓட்டம். டிப்ஸ் பத்தியும் ஒரு வார்த்தை. அப்பெல்லாம் 470 ரூபா பில்லுக்கு ஐநூறு குடுத்து வச்சுக்கோப்பான்னு சொல்லுவாங்க, ஒரு நாளைக்கு நூறு நூத்தம்பது சேரும், என் டீ காசு அதுல ஓடிடும். யுபிஐ வந்தப்புறம் சில்லறைன்னு ஒண்ணே இல்லாம போச்சு, யார் மேலயும் தப்பு இல்ல, ஆனா அந்த முப்பது ரூபா மொத்தமா நின்னுடுச்சு.

இப்ப இஎஸ்ஐ. 2017 நவம்பர்ல நல்ல மழை, ராம் நகர் பக்கம் தண்ணி நிக்குது, தண்ணிக்கு கீழ பள்ளம் இருந்தது தெரியல, முன் சக்கரம் எறங்கி நான் கைய ஊன்னி விழுந்தேன். மணிக்கட்டு எலும்பு ரெண்டு எடத்துல உடைஞ்சுது. கடை மேனேஜர் வந்து தூக்கிட்டு போனாரு, மறுநாள் விபத்து ரிப்போர்ட் எழுதி அனுப்பினாரு, கே.கே.நகர் இஎஸ்ஐ ஆஸ்பத்திரில பிளேட் வச்சாங்க. அங்க க்யூ ரொம்ப, பேப்பர் வேலை ரொம்ப, எங்கம்மா ஒரு கையெழுத்துக்கு மூணு நாள் அலைஞ்சாங்க, எல்லாம் உண்மை. ஆனா ஆபரேஷனுக்கு ஒரு ரூபா வாங்கல. வேலை நேரத்துல அடிபட்டதுனால, வீட்டுல இருந்த ரெண்டரை மாசமும் சம்பளத்துல 90 சதவீதம் இஎஸ்ஐலேந்து வந்துச்சு. அதுக்காக என் சம்பளத்துல மாசாமாசம் புடிச்சது நூத்தம்பது ரூபா சொச்சம். பசங்க எல்லாம் சேந்து அந்த நூத்தம்பது ரூபாய எவ்ளோ திட்டிருக்கோம் தெரியுமா சார், எதுக்குடா வெட்டியா புடிக்கிறாங்கன்னு.

2019ல கல்யாணம் ஆச்சு, செலவு கூடுச்சு, ஆப்ல ஓட்டினா ஒன்றரை மடங்கு வருதுன்னு கூட்டாளி சொன்னான், கடைய விட்டுட்டு மாறினேன். ஆப் பேர் வேண்டாம். மொத ஆறு மாசம் உண்மையாவே நல்ல காசு. நெனச்சா லாகின், நெனச்சா வீட்டுக்கு, மேனேஜர் கெடையாது, போர்டு கெடையாது. அப்புறம் ஒரு ஆர்டருக்கு குடுக்கிற ரேட் கொறைஞ்சுகிட்டே வந்துச்சு, எட்டு மணி நேரத்துல வந்தது பன்னெண்டு மணி நேரத்துல வந்துச்சு. 2021ல ஒரு நாள் ராத்திரி தரமணி லிங்க் ரோட்டுல ஒரு கார் கதவ திடீர்னு தொறந்தாங்க, கணுக்கால் போச்சு. கம்பெனி இன்சூரன்ஸ் இருக்குன்னு சேரும்போது சொன்னாங்க, கேட்டா ஆஸ்பத்திரில ஒரு ராத்திரி அட்மிட் ஆகிருக்கணும்னாங்க. எனக்கு கட்டு போட்டு அன்னிக்கே அனுப்பிட்டாங்க, அதனால ஒண்ணும் கெடையாது. ஏழு வாரம் வீட்டுல, ஏழு வாரமும் பைசா வரல, கால் சரியாகி ஆப்ப தொறந்தா ஐடி இன்ஆக்டிவ். யாரு கிட்ட கேக்கணும்னே தெரியல, சாட்ல ஒரு மெஷின் பதில் சொல்லுது. அதே ஊரு, அதே ரோடு, அதே மாதிரி எலும்பு முறிவு. மொத தடவ நான் ஒரு கம்பெனிக்கு தொழிலாளி, ரெண்டாவது தடவ ஆப் கம்பெனி கணக்குல நான் பார்ட்னராம். ஏழு வாரமும் மனைவி நகைய அடகு வச்சு சாப்பிட்டோம்.

மெக்கானிக்கா இன்னொரு கணக்கு சொல்றேன், இத எந்த கட்டுரையும் போட மாட்டேங்குது. ஆப்ல ஓட்டுற பையன் ஒரு நாளைக்கு 110 கிலோமீட்டர் ஓட்டுறான்னு வைங்க, 26 நாள்ல 2,860 கிலோமீட்டர். டிராஃபிக்ல லிட்டருக்கு 50 குடுத்தா 57 லிட்டர், நூறு ரூபா கணக்குல 5,700. ஆபீஸ் போறவரு மூணு நாலு மாசத்துக்கு ஒரு தடவ ஆயில் மாத்துவாரு, இவன் மாசாமாசம் மாத்தணும். பின் டயர் ஏழு மாசத்துல மொட்டை, செயின் ஸ்ப்ராக்கெட்டும் அதே கணக்கு தான், பிரேக் ஷூ, கிளட்ச் கேபிள், பஞ்சர் எல்லாம் சேத்து சராசரியா மாசம் ஆயிரத்து ஐநூறு. வருஷத்துக்கு 34,000 கிலோமீட்டர், சாதாரண ஆளு நாலு வருஷம் ஓட்டுற தூரம். அவன் வண்டி ஒரு வருஷத்துல நாலு வருஷம் கெழடாகுது. முப்பதாயிரம் கைக்கு வருதுன்னு சொல்ற பையன் உண்மைல இருவத்தி ரெண்டு, இருவத்தி மூணு தான் சம்பாதிக்கிறான், இஎம்ஐ இருந்தா இன்னும் கம்மி, மீதி அவன் வண்டி தேய்ஞ்சு வர்ற காசு. கடைல பதினேழு பதினெட்டு குடுக்கிறாங்க, வண்டி கடையோடது, இஎஸ்ஐ பிஎஃப் தனின்னா, ரெண்டுக்கும் இருக்கிற வித்தியாசம் அவ்ளோ பெருசே இல்ல. நூத்துல தொண்ணூறு பசங்க இந்த கணக்க ஒரு தடவ கூட எழுதி பாத்ததில்ல, நானும் ஓட்டினப்ப பாக்கல.

சொந்த வண்டின்னா இன்சூரன்ஸ் பேப்பர கொஞ்சம் படிங்கடா தம்பிங்களா. சாதாரண டூவீலர் பாலிசில வாடகைக்கும் சரக்கு ஏத்தவும் ஓட்டினா செல்லாதுன்னு எழுதிருக்கும். விபத்துல வண்டி நொறுங்கி, பின்னாடி டெலிவரி பெட்டி இருந்துச்சுன்னு தெரிஞ்சா கிளைம் இழுத்தடிக்கும், என் கடைல அப்படி ரெண்டு வண்டி வந்து நின்னுச்சு. பாலிசி எடுக்கும் போதே டெலிவரிக்கு ஓட்டுறேன்னு சொல்லி அதுக்கு என்ன பாலிசின்னு கேட்டு எடுங்க. சொந்த வண்டிய தானே ஓட்டுற ஓனருக்கு 15 லட்சம் தனிநபர் விபத்து காப்பீடு இருக்கு, கொஞ்சம் காச மிச்சம் புடிக்கிறேன்னு அத விடாதீங்க.

சட்டம் ஒண்ணும் இல்லைன்னு சொல்ல மாட்டேன். நம்ம மாநிலத்துல கிக் தொழிலாளர்களுக்கு, அதாவது இப்படி ஆப் மூலமா வேலை பாக்கிறவங்களுக்கு, தனி நலவாரியம் 2023லயே அமைச்சாங்க, 2025-26 பட்ஜெட்ல மின்சார ஸ்கூட்டர் வாங்க 2,000 பேருக்கு தலா 20,000 ரூபா மானியம்னு அறிவிச்சாங்க, பெட்ரோல் கணக்கு மேல பாத்தீங்கல்ல, அந்த ஸ்கூட்டர் ஒரு பையனுக்கு எவ்ளோ பெரிய உதவின்னு. மத்திய அரசோட சமூக பாதுகாப்பு சட்டம் 2020ல பாஸ் ஆகி 2025 நவம்பர் 21ல அமலுக்கு வந்துச்சு, ஆப் கம்பெனிங்க வருஷ வியாபாரத்துல 1லேந்து 2 சதவீதம் இவங்க நலனுக்கு ஒதுக்கணும்னு அதுல இருக்கு. ஆனா அந்த சட்டமே இவங்கள கம்பெனி ஊழியர்னு சொல்லாம கிக் தொழிலாளின்னு தனியா ஒரு பேர் வச்சு தான் சொல்லுது. அதனால கடைல சேர்ற பையனுக்கு தானா வர்ற இஎஸ்ஐ, பெட்டிய மாட்டிட்டு அதே பீட்சாவ ஆப்ல தூக்கிட்டு போற பையனுக்கு தானா வராது. இப்ப நெறைய கடைங்க சொந்த ரைடர கொறச்சுட்டு ஆப் பசங்க கிட்டயே குடுத்து அனுப்புறாங்க. என் மனசுல இருக்கிற பெரிய கவலை இது தான்.

அதனால கடை வேலைக்கு போற தம்பிங்களுக்கு சொல்றேன், ஒரு டெலிவரிக்கு எவ்ளோன்னு கேக்கிறதுக்கு முன்னாடி இஎஸ்ஐ நம்பர் எப்ப வரும்னு கேளுங்க. மாச சம்பளம் 21,000க்குள்ள, கடைல பத்து பேரோ அதுக்கு மேலயோ இருந்தா அது உங்க உரிமை. ஏஜென்சி மூலமா எடுத்தாலும் கடைக்காரருக்கு பொறுப்பு இருக்கு. இப்ப உங்க பங்கு 0.75 சதவீதம் தான், 14,000 சம்பளத்துக்கு 105 ரூபா, முதலாளி பங்கு 3.25. நூத்தி அஞ்சு ரூபாய திட்டாதீங்க.

உங்ககிட்ட ஒரு வேண்டுகோள் சார். ஞாயித்துக்கிழமை வேலைவாய்ப்பு விளம்பரத்துல "டெலிவரி ஆட்கள் தேவை, கவர்ச்சியான வருமானம்"னு தான் போடுறீங்க. விளம்பரம் குடுக்கிறவங்க கிட்ட இஎஸ்ஐ உண்டா இல்லையா, வண்டி யாரோடதுன்னு ரெண்டு விஷயம் கேட்டு வாங்கி அதையும் சேத்து போட்டீங்கன்னா ரெண்டு வரி தான் கூடும். வாசகர்கள் கிட்டயும் கேக்கிறேன், ஆர்டர் போடும்போது பழைய நம்பரா புது நம்பரான்னு எழுதுங்க, பக்கத்துல கோயிலோ மெடிக்கலோ இருந்தா குறிப்பிடுங்க, மழை நாள்ல முடிஞ்சவங்க கேட் வரைக்கும் எறங்கி வாங்க.

நேத்து என் கடைக்கு ஒரு பையன் வந்தான், கள்ளக்குறிச்சி பக்கம் ஊரு, பின் டயர்ல நூல் தெரியுது. அண்ணா இன்னும் ஒரு மாசம் தாங்குமான்னு கேட்டான். தாங்காதுடான்னு சொல்லி செகண்ட் ஹேண்ட்ல நல்லா இருந்த ஒரு டயர போட்டு விட்டேன், காசு பொங்கலுக்குள்ள தரேன்னான். பேச்சுவாக்குல ஒரு பீட்சா கடைல கூப்பிடுறாங்கண்ணா, பதினேழு தான் தர்றாங்க, ஆப்ல முப்பது வருது, போலாமா வேண்டாமான்னு கேட்டான். ஒரு அட்டைய எடுத்து மேல எழுதின கணக்க அவனுக்கு போட்டு காமிச்சேன். திங்கக்கிழமை அந்த மேனேஜர பாக்க போறானாம். இஎஸ்ஐ பத்தி என்ன சொன்னாங்கன்னு வந்து சொல்றேன்னான், அந்த அட்டைய மடிச்சு சட்டை பைல வச்சுகிட்டு தான் போனான்.

இப்படிக்கு,
முன்னாள் பீட்சா டெலிவரி ரைடர், இந்நாள் மெக்கானிக்,
மடிப்பாக்கம், சென்னை.